கத்தரியில் புழுவுக்கு மருந்து அடித்தால் செம்பேன் ஏன் பெருகுகிறது?

நீங்கள் எழுதியதையும் அனுப்பிய படத்தையும் வைத்துச் சுருக்கிச் சொல்கிறேன், சரிதானா பாருங்கள். ஒட்டன்சத்திரம் பக்கம் முக்கால் ஏக்கர் கத்தரி. குருத்துப்புழுவுக்கும் காய்ப்புழுவுக்கும் வாரம் தவறாமல் மருந்து. மாசி பிறந்ததிலிருந்து இலை வெளிறி, அடியில் நூலாம்படை கட்டி, செம்பேன் அடங்கவே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் "நீங்க அடிக்கிற மருந்துதான் பேனை வளர்க்குது" என்கிறார். அது உண்மையா, உண்மை என்றால் செம்பேனைத் தின்னும் நல்ல பேனை விலைக்கு வாங்கித் தோட்டத்தில் விட்டால் சரியாகிவிடுமா என்று கேட்கிறீர்கள். புழுவுக்கு அடிக்காமல் இருக்க முடியாது, அடித்தால் பேன் வருகிறது, இதற்கு நடுவே வழி இருக்கிறதா என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எனக்குப் படுகிறது. வழி இருக்கிறது. ஆனால் அது பேன் மருந்தில் இல்லை, புழு மருந்தை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில் இருக்கிறது. காய்கறிப் பயிர்ப் பாதுகாப்பில் பல வருடம் இலையைத் திருப்பிப் பார்த்தே பொழுதைக் கழித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பக்கத்துத் தோட்டக்காரர் சொன்னது பெரும்பாலும் சரி.

முதலில், செம்பேன் பூச்சியே அல்ல. எட்டுக் கால் உள்ள, சிலந்திக்கு உறவான உயிர். அதனால் பூச்சியைக் கொல்வதற்காக உருவாக்கிய பல மருந்துகள் இதை ஒன்றும் செய்வதில்லை. இமிடாகுளோபிரிட், தயாமீத்தாக்சாம் வகைகள் அசுவினியையும் தத்துப்பூச்சியையும் படுக்க வைக்கும். செம்பேன் அதே இலையில் சாவகாசமாக மேய்ந்துகொண்டிருக்கும். அதோடு இதன் வேகம். 30 டிகிரி வெயிலில் முட்டையிலிருந்து முட்டையிடும் பேனாவதற்கு ஒரு வாரம், பத்து நாள் போதும். ஒரு பெண் பேன் தன் ஆயுளில் நூறு முட்டை வரை இடும். இணை சேராத பெண்ணும் முட்டையிடும், அந்த முட்டையிலிருந்து ஆண் மட்டும் வரும். அந்த ஆணுக்கு மரபணுத் தொகுதி ஒற்றைதான், ஜோடி கிடையாது. ஆகவே மருந்தைத் தாங்கும் குணம் இருந்தால் அது மறைந்திருக்க வழியே இல்லை, அடித்த அன்றே பொறுக்கி எடுக்கப்பட்டுவிடும். இந்தச் செம்பேனுக்கு, அறிவியல் பெயர் டெட்ரானிகஸ் அர்டிகே, 90க்கும் மேற்பட்ட மருந்துப் பொருள்களுக்கு எதிர்ப்புத்திறன் பதிவாகியிருக்கிறது என்றால் காரணம் இதுதான்.

இவ்வளவு வேகமாகப் பெருகும் ஒன்று மருந்தே அடிக்காத கத்தரிச் செடியில் ஏன் செடியைத் தின்று தீர்ப்பதில்லை? தின்ன விடாமல் தடுக்க ஆள் இருப்பதால். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று வாங்கி, வரப்போரம் மருந்து படாத ஒரு சுண்டைக்காய்ச் செடியிலோ, ஆமணக்கிலோ, கத்தரியிலோ இலையைத் திருப்பிப் பாருங்கள். செம்பேன் நூலுக்குள் மெதுவாக அசையும், முதுகின் இரு பக்கமும் கறுப்புத் திட்டு தெரியும். அதன் முட்டை உருண்டையாக, கண்ணாடி மணி போல இருக்கும். அதே இலையில், நடு நரம்பை ஒட்டிய மூலையிலிருந்து, வெளிச்சம் பட்டதும் விருட்டென்று ஓடும் ஒன்று கண்ணில் படும். பளபளப்பான உடம்பு, முன்பக்கம் குறுகிய நீள்வட்டம், கால்கள் நீளம். செம்பேனைத் தின்றிருந்தால் வயிறு லேசாகச் சிவந்திருக்கும். இதன் முட்டை உருண்டை அல்ல, நீள்வட்டம், செம்பேன் முட்டையைவிடப் பெரிது. இதுதான் நீங்கள் கேட்ட நல்ல பேன். நம் பக்கத்துக் காய்கறிகளில் அதிகம் காணப்படுவது நியோசியூலஸ் லாஞ்சிஸ்பைனோசஸ் என்ற இனம். செம்பேனைவிடக் குறைந்த நாளில் வளரும், முட்டை முதல் பெரிய பேன் வரை எதையும் உறிஞ்சிவிடும். இதற்குத் துணையாக ஸ்டெத்தோரஸ் என்ற குண்டூசித் தலையளவுக் கறுப்புப் பொறிவண்டும், ஆறு புள்ளி இலைப்பேனும் (இலைப்பேன் என்பது த்ரிப்ஸ் என்ற பூச்சி) வேலை செய்யும். ஆறு புள்ளிக்காரனைப் பார்த்து 'இலைப்பேன் தாக்குதல்' என்று நினைத்து மருந்து அடித்தவர்கள் உண்டு.

இந்தக் காவல்காரர்கள் அத்தனை பேரையும் செடியிலிருந்து துடைப்பதுதான் நீங்கள் அடிக்கும் மருந்தின் முதல் விளைவு. இதில் சந்தேகமே இல்லை. உலகம் முழுக்க, பயிருக்குப் பயிர், திரும்பத் திரும்பப் பார்க்கப்பட்ட விஷயம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆப்பிள் தோட்டங்களில் டிடிடி புகுந்ததும் அதுவரை யாரும் பொருட்படுத்தாத சிலந்திப்பேன்கள் முதல்தரப் பகையாக மாறின. (வேடிக்கை என்னவென்றால், 1950-களில் பேனுக்கு என்று வந்த டைக்கோபால், டிடிடியையே மூலப்பொருளாக வைத்துச் செய்தது. இப்போது, நீண்டகாலம் அழியாத நச்சுப்பொருள்களுக்கான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையிலும் இந்தியாவிலும் தடையான மருந்து. பழைய பாட்டிலை யாராவது எடுத்து நீட்டினால் வாங்காதீர்கள்.) டிடிடி செய்த வேலையை இன்று செய்வது செயற்கை பைரித்ராய்டுகள்: சைபர்மெத்ரின், லாம்ப்டா சைஹலோத்ரின், டெல்டாமெத்ரின், பென்வலரேட். நல்ல பேனுக்கு இவற்றைவிடக் கொடிய மருந்து தேடுவது கஷ்டம். இலையில் காய்ந்த படிவுகூட வாரக்கணக்கில் அதைக் கொல்லும். செம்பேன் முட்டை தப்பிக்கும், தப்பித்த பெரிய பேன்கள் மருந்து படிந்த இடத்தை வெறுத்து எழுந்து பக்கத்து இலைக்கும் பக்கத்துச் செடிக்கும் பரவும். ஒரே இலையில் நெரிசலாக இருந்தவை பரந்து உட்கார்ந்தால் ஒவ்வொன்றும் இடும் முட்டையும் கூடும். நல்ல பேனோ, முன்னே செத்திருக்கும். சாகாதது பட்டினியில் போகும், ஏனென்றால் அதன் சாப்பாடு முதல் சில நாள் குறைந்துவிடுகிறது. இரை திரும்பி வந்தபின்தான் தின்பவன் வர முடியும். அந்த இடைவெளியில்தான் உங்கள் கத்தரி வெளிறுகிறது.

நீங்கள் படத்தில் காட்டிய பாட்டிலில் ஒன்று புரபனோபாஸும் சைபர்மெத்ரினும் சேர்ந்த கலவை. பருத்திக் காய்ப்புழுவுக்குப் பதிவான மருந்து அது, கத்தரிக்கு அல்ல. அது ஏமாற்றும் விதம் தனி. புரபனோபாஸுக்குப் பேன் மேல் கொஞ்சம் வீரியம் உண்டு, அதனால் அடித்த மூன்று நான்கு நாள் "பேனும் அடங்கிடுச்சு" என்று தோன்றும். பத்தாம் நாள் முன்பைவிட அதிகமாக இருக்கும். கடைக்காரர் அப்போது வேறொரு பேன் மருந்து தருவார். இப்படித்தான் புழு மருந்து, பேன் மருந்து, மறுபடி புழு மருந்து என்று செலவு ஏறுகிறது.

இனி உறுதியில்லாத பகுதி. காவல்காரர்கள் சாவது ஒருபுறம். மருந்து நேரடியாகப் பேனை அதிக முட்டை இட வைக்கிறதா? உங்கள் பக்கத்துத் தோட்டக்காரர் 'வளர்க்குது' என்று சொன்னது இந்த அர்த்தத்தில் என்றால், ஆதாரம் இரண்டு பக்கமும் இருக்கிறது. 2002இல் இமிடாகுளோபிரிட் பட்ட, அல்லது அது ஏறிய செடியைத் தின்ற செம்பேன் கூடுதல் முட்டை இட்டதாக அமெரிக்க ஆய்வு ஒன்று வந்தது. 2011இல் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் இமிடாகுளோபிரிட் கொடுத்த எல்ம் மரங்களில் பேன் வெடித்துக் கிளம்பியதை ஆராய்ந்தவர்கள், எதிரிகள் குறைந்ததோடு அந்த இலையைத் தின்ற பேனின் முட்டையும் கூடியதைக் கண்டார்கள். பிறகு தக்காளி, பருத்தி, மக்காச்சோளத்தில் நடந்த வேலைகள், இந்த வகை மருந்துகள் செடியின் சொந்தப் பாதுகாப்பைத் தளர்த்துகின்றன என்று காட்டின. மறுபக்கம், இமிடாகுளோபிரிட்டால் முட்டை கூடவில்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. பேனின் வகை, மருந்தின் அளவு, பயிர், மருந்து கொடுத்த முறை எல்லாம் சேர்ந்து முடிவை மாற்றுகின்றன. என் கணிப்பு: வயலில் நீங்கள் பார்க்கும் பெருக்கத்தில் பெரும்பங்கு காவல் போனதால் வருவது, முட்டை கூடுவது இருந்தால் அது அதற்கு மேல் கூடுதல். ஆகவே இமிடாகுளோபிரிட்டை நாற்று நனைப்பதற்கு ஒரு முறை பயன்படுத்துவதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். வேனலில், பேன் தொடங்கிய பிறகு, வெள்ளை ஈக்கு என்று அதை இலைமேல் திரும்பத் திரும்ப அடிப்பதைத்தான் வேண்டாம் என்பேன்.

இன்னொரு குற்றவாளியை யாரும் சந்தேகப்படுவதில்லை: மேன்கோசெப். பூசணக்கொல்லிதானே, பேனுக்கும் அதற்கும் என்ன என்று தோன்றும். திராட்சை, ஆப்பிள் தோட்டங்களில் அதைத் தொடர்ந்து அடித்தபோது நல்ல பேன் குறைந்தது நன்றாகவே பதிவானது. இலைப்புள்ளி இருக்கிறதோ இல்லையோ, டேங்கில் கை போகிற போக்கில் ஒரு பாக்கெட் கொட்டும் பழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டாலே ஒரு செலவு மிச்சம்.

சரி, புழுவுக்கு என்ன அடிப்பது? கத்தரிக் குருத்துப்புழு முட்டையிலிருந்து வெளிவந்த சில மணி நேரத்தில் குருத்துக்குள்ளோ காய்க்குள்ளோ நுழைந்துவிடும். நுழைந்தபின் வெளியே எவ்வளவு காரமான மருந்து அடித்தாலும் அதற்கு எட்டாது. வெளியே இருக்கும் நல்லவர்களுக்குத்தான் எட்டும். அதனால் வாரம் இரண்டு முறை தோட்டத்தில் நடந்து, வாடித் தொங்கும் குருத்தை ஒரு விரல்கடை கீழே சேர்த்துக் கிள்ளி, சாக்கில் போட்டு, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழிப்பது முதல் வேலை. வரப்பில் போட்டுவிட்டுப் போனால் புழு கூட்டுப்புழுவாகி அந்துப்பூச்சியாகத் திரும்பும். சொத்தைக் காயும் அப்படியே. பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் காட்டி ஆணை இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்தால் அந்துப்பூச்சி எப்போது அதிகம் பறக்கிறது என்பதாவது தெரியும், நாள்காட்டி பார்த்து அடிப்பது குறையும். மருந்து தேவைப்பட்டால் குளோரன்ட்ரனிலிப்ரோல். புழுவின் தசையில் வேலை செய்யும் இந்த மருந்து நல்ல பேனை ஏறக்குறைய தொடுவதில்லை, இதுவரை பார்த்த பெரும்பாலான இனங்களில் ஒத்த முடிவு. எமாமெக்டின் பென்சோயேட் அடுத்த இடம். நேரடியாகப் பட்டால் நல்ல பேனுக்குக் கெடுதி, ஆனால் இலை மேலுள்ள படிவு வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடுவதால் பைரித்ராய்டு போல வாரக்கணக்கில் உட்காராது. பி.டி. என்கிற பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் நல்ல பேனுக்குப் பாதுகாப்பானதுதான். குருத்துக்குள் போகும் புழுவுக்கு அது எட்டுவது குறைவு என்பதால் கத்தரியில் அதன் மேல் அதிக நம்பிக்கை வைக்கச் சொல்ல மாட்டேன். எந்த நல்ல மருந்தும் ஒன்றையே தொடர்ந்து அடிக்கக் கூடாது. புழுவுக்கும் எதிர்ப்பு வரும்.

இப்போது ஏற்கனவே ஏறியிருக்கும் பேன். இதற்கு ஒருமுறை, சரியாக, பேன் மருந்து அடிக்க வேண்டியிருக்கும் என்றுதான் படம் சொல்கிறது. ஸ்பைரோமெசிபென் முட்டையையும் குட்டிகளையும் கொல்லும், பெரிய பேனிடம் மெதுவாகத்தான் பலன் காட்டும். அடித்த மறுநாள் பேன் உயிரோடு இருப்பதைப் பார்த்து மருந்து போலி என்று முடிவு கட்டாதீர்கள், ஒரு வாரம் பொறுங்கள். ஹெக்சிதயாசாக்சும் முட்டை, குட்டிக்கான மருந்துதான், பெரிய பேனைக் கொல்லாது. நல்ல பேனுக்கு ஒப்பீட்டளவில் சாது. பென்பைராக்சிமேட், பெனசாகுயின் இரண்டும் பெரிய பேனையும் சீக்கிரம் வீழ்த்தும், நல்ல பேனையும் கணிசமாக வீழ்த்தும். இவை இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் ஒன்று மாற்றி ஒன்று அடித்துவிட்டு மருந்து மாற்றினேன் என்று நினைத்துவிடக் கூடாது. புரோபர்கைட் பழைய மருந்து, இன்னும் பல இடங்களில் வேலை செய்கிறது. நனையும் கந்தகம் மலிவு. நல்ல பேனுக்கு அது எவ்வளவு கெடுதி என்பது இனத்துக்கு இனம் மாறுகிறது. ஆனால் 35 டிகிரி வெயிலில் கந்தகம் இலையைக் கருக்கும், எண்ணெய் மருந்து அடித்த அடுத்த இரண்டு வாரத்துக்குள்ளும் கூடாது. உங்கள் ஊர் பங்குனி, சித்திரை வெயிலுக்கு அது ஒத்துவராது.

எதை அடித்தாலும் பேன் இருப்பது இலையின் அடிப்பக்கம். மேலிருந்து நடந்துகொண்டே அடித்தால் மேல் பக்கம் மட்டும்தான் நனையும். நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கித் திருப்பி, நடுச்செடியின் முதிர்ந்த இலைகளின் அடி நனைய அடிக்க வேண்டும். மருந்து கேட்கவில்லை என்று என்னிடம் வருபவர்களில் பலருக்கு எதிர்ப்புத்திறன் பிரச்சினையே இல்லை, மருந்து பேனிடம் போய்ச் சேரவில்லை என்பதுதான் பிரச்சினை. சோதித்துப் பார்ப்பது எளிது. அடிக்கும்போது அடிப்பக்கம் நன்றாக நனைந்த சில இலைகளின் காம்பில் நூல் கட்டி வையுங்கள். பெரிய பேனைக் கொல்லும் மருந்து என்றால் நான்காம் நாள், முட்டை மருந்து என்றால் எட்டாம் நாள், அந்த இலைகளை மட்டும் லென்ஸில் பாருங்கள். நூல் கட்டிய இலையில் பேன் இல்லை, மற்றதில் இருக்கிறது என்றால் தெளிப்பில் கோளாறு. நூல் கட்டியதிலும் தாராளமாக இருந்தால் அந்த மருந்துக் குடும்பத்தையே இந்தப் பருவம் ஒதுக்கிவிடுங்கள்.

கடைசி வரியில் மிளகாயும் சுருள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அது வேறு பேன். இலை கீழ்நோக்கி, கவிழ்த்த படகு போலச் சுருண்டு காம்பு நீண்டால் மஞ்சள் முரணைச் சிலந்தி. மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். முரணைச் சிலந்தி கண்ணுக்கே தெரியாது, நூல் கட்டாது, குருத்து இலையில் இருக்கும், நான்கைந்து நாளில் ஒரு தலைமுறை. வெள்ளை ஈயின் காலைப் பிடித்துக்கொண்டே செடி விட்டுச் செடி போகும். 2021 முதல் ஆந்திரா, தெலங்கானா மிளகாயில் புது இலைப்பேன் இனம் புகுந்து விவசாயிகள் கையில் கிடைத்ததையெல்லாம் அடித்தார்களே, அப்படிக் கலந்து அடிக்கும் தோட்டங்களில் முரணையும் சேர்ந்து கிளம்பினால் எது எதனால் சுருள்கிறது என்று பிரித்துப் பார்ப்பதே சிரமம். முதலில் எது என்று தெரிந்துகொண்டு தனியாகக் கேளுங்கள்.

நல்ல பேனை வாங்கி விடும் யோசனைக்கு வருகிறேன். ஸ்பெயினின் அல்மேரியாவில் பசுமைக்குடில் குடைமிளகாய்க்காரர்கள் 2006 இறுதியில் மருந்து எச்சம் பிடிபட்டு ஏற்றுமதியில் அடி வாங்கியபின், ஒன்றிரண்டு பருவத்துக்குள் பெரும்பகுதிப் பரப்பை நல்ல பேனுக்கும் ஓரியஸ் என்ற இரைதின்னி நாவாய்ப்பூச்சிக்கும் மாற்றினார்கள். அவர்கள் விட்ட ஸ்விர்ஸ்கி பேன் பூவின் மகரந்தத்தைத் தின்றே உயிர் வாழும், இலைப்பேன், வெள்ளை ஈ வரும்வரை காத்திருக்கும். மூடிய குடில், ஒரே முடிவை எடுக்கும் ஆயிரக்கணக்கான விவசாயிகள், பேனுக்கு ஒத்துப்போகும் மருந்துப் பட்டியல், மூன்றும் இருந்தன. உங்களுக்குத் திறந்த வெளி. வெளிநாட்டில் புகழ்பெற்ற பெர்சிமிலிஸ் என்ற நல்ல பேன் 30 டிகிரியைத் தாண்டி, காற்றும் காய்ந்துவிட்டால் திணறும். அதன் முட்டையே சுருங்கிப்போகும். நம் ஊர் லாஞ்சிஸ்பைனோசஸ் சூட்டைத் தாங்கும், ஆனால் சைபர்மெத்ரின் படிந்த இலையில் காசு கொடுத்து விட்டாலும் செத்துத்தான் போகும். வாஷிங்டன் ஆப்பிள் தோட்டங்களில் ஆர்கனோபாஸ்பேட் (புரபனோபாஸ் சேர்ந்த குடும்பம்) மருந்தைத் தாங்கப் பழகிய நல்ல பேன் 1960-களிலேயே கிடைத்தது. பைரித்ராய்டைத் தாங்குவது அதைவிட மிக அரிது. ஆகவே இப்போதைக்கு வாங்காதீர்கள். பைரித்ராய்டையும் கலவை மருந்தையும் நிறுத்தி ஒன்றரை, இரண்டு மாதம் கொடுங்கள், வரப்புச் செடிகளிலிருந்து தானாக வரும். வண்டி போகும் பாதையோரச் செடிகளில் புழுதி படியாமல் அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள், யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாதீர்கள். புழுதி, அதிக யூரியா, இரண்டும் செம்பேனுக்கு விருந்து.

படத்தை வைத்து நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். உங்கள் தோட்டத்துப் பேன் எந்த மருந்துக்கு மரத்துப்போயிருக்கிறது என்பதை நூல் கட்டிய இலைதான் சொல்லும். ஒரு வாரம் கழித்து, தோட்டத்தின் நாலு மூலையிலும் நடுவிலும் சில செடிகளில் நடு இலையைத் திருப்பி, ஓடும் பேன் எத்தனை, மேயும் பேன் எத்தனை என்று எண்ணி எழுதுங்கள். மேய்வது பத்துக்கு ஓடுவது ஒன்று இருந்தால் பேன் மருந்தைத் தள்ளிப்போட்டு இன்னொரு வாரம் பார்க்கலாம் என்பது நான் கடைப்பிடிக்கும் தோராயக் கணக்கு. ஓடுவதே இல்லை, நூலாம்படை குருத்துக்கு ஏறிவிட்டது என்றால் காத்திருக்க வேண்டாம், அடியுங்கள். மோசமான இலைகளை முதலில் பறித்துச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்திவிட்டு அடித்தால் மருந்துக்கும் வேலை குறையும். நீங்கள் நாலு நாளைக்கு ஒரு முறை காய் பறிப்பவர். எந்த மருந்தாக இருந்தாலும் அடித்தபின் எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட்டிருக்கும், மருந்துக்கு மருந்து அது ரொம்ப மாறும். கடையில் பாட்டிலை வாங்கும்போதே அதைப் படித்து, பறிப்பு நாளுக்கு ஒத்து வருகிறதா பார்த்துக்கொண்டு காசு கொடுங்கள்.